அப்பா அம்மாவுக்கு கேரவன் வாங்கலாமா? சங்கரன்கோவிலிலிருந்து ஒரு கரிசல் கணக்கு

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலை நரைத்த ஒரு தம்பதி. பின்னால் மினி பஸ் சைஸில் ஒரு வெள்ளை வண்டி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல். வெளியே இரண்டு மடக்கு நாற்காலி, கையில் காபி. அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள்.

பார்த்து முடித்ததும் ஊரில் இருக்கும் அப்பா அம்மா ஞாபகம் வரும். 30 வருஷம் வேலை, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன். குற்றாலத்தையும் திருச்செந்தூரையும் தாண்டி அவர்கள் சேர்ந்து எங்கே போனார்கள்? "பி.எஃப் பணம் வந்திருக்கே, இந்த மாதிரி ஒரு வண்டி எடுத்துக் கொடுத்தா என்ன?" என்று ஃபேமிலி குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிடுவோம். அப்பா ஒரு தம்ஸ் அப் போடுவார். அம்மா, "இதுக்குள்ள பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. எப்படி என்று பார்ப்போம்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியர், ஒரு ரிட்டயர்டு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 60. ஆக இருவருக்கும் 60-ஐ ஒட்டிய வயது. கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் முட்டி வலி. இவர்களுக்கு அந்த ரீல்ஸ் வாழ்க்கை சாத்தியமா?

முதலில், அது என்ன வண்டி?

கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் வண்டி. அமெரிக்காவில் இதற்கு ஆர்.வி. என்று பெயர், ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதன் சுருக்கம். நம் ஊர் சட்டப் புத்தகத்தில் 'மோட்டார் கேரவன்'. ஏ.ஐ.எஸ்-124 என்ற வாகனத் தர விதியில் இதற்கென்று தனி விளக்கம் இருக்கிறது. உட்கார சீட்டும் மேஜையும், தூங்க இடம், சமைக்க வசதி, பொருட்கள் வைக்க இடம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். மேஜையைத் தவிர மற்றவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்துவிட்டால் அது கேரவன் ஆகிவிடாது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டு, சீட்டைக் கழற்றி, பிளைவுட் அடித்து, கூரையில் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டினால் போதும் என்று யூடியூப் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில், ஆர்.சி. புக்கில் இருப்பது ஒன்று, ரோட்டில் நிற்பது வேறொன்று என்று ஆனால் கம்பெனிக்கு அதுவே போதும். கேரவன்தான் வேண்டும் என்றால், அந்த வகையில் அங்கீகாரம் வாங்கித் தயாரிப்பவர்களிடம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் மோட்டார் கேரவன் என்றே பதிவு செய்வதுதான் வழி.

வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்ட வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. 'நம்ம பையன் வண்டிதான், வெள்ளை போர்டு, சும்மா எடுத்துட்டுப் போங்க' என்று யாராவது பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் வேண்டாம்.

அங்கே எப்படி முடிகிறது?

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ப்ரெய்ரி என்று ஒரு மாபெரும் புல்வெளிச் சமவெளி. கனடாவில் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன், மானிட்டோபா. அமெரிக்காவில் டகோட்டாக்கள், நெப்ராஸ்கா, கான்சஸ். ஒரு சிற்றூரை விட்டால் அடுத்த ஊர் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். ரயில் தண்டவாளத்தை ஒட்டி, தானியம் சேமிக்கும் உயரமான மரக் கட்டடம் தெரிந்தால் ஊர் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. பிள்ளைகள் பெருநகரங்களுக்குப் போய்விட, பல ஊர்கள் சுருங்கிவிட்டன.

ஆனால் அந்தச் சுருங்கிய ஊர்களிலும் பல இடங்களில் ஊராட்சியே நடத்தும் ஒரு கேம்ப்கிரவுண்ட் இருக்கும். வண்டியை நிறுத்தினால் கம்பத்தில் 30 ஆம்ப், 50 ஆம்ப் கரன்ட் பிளக், குடிநீர்க் குழாய் கிடைக்கும். கழிவறைத் தொட்டியைக் காலி செய்யத் தனி இடம் அங்கேயோ, போகும் வழியிலோ இருக்கும். ரீல்ஸில் தெரிவது வண்டி மட்டும்தான். அதன் பின்னால் இருக்கும் இந்த ஏற்பாடு கேமராவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இந்தப் பயணங்களில் உலகம் கவனித்த ஒன்று நார்மா பாட்டியுடையது. மிச்சிகன் மாநிலத்தின் ப்ரெஸ்க் ஐல் என்ற சிற்றூரைச் சேர்ந்த நார்மா பவர்ஷ்மிட்டுக்கு 2015-ல் வயது 90. கணவர் இறந்த சில நாட்களிலேயே அவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன், கீமோ எதுவும் வேண்டாம் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். மகன் டிம்மும் மருமகள் ரேமியும் ஏற்கெனவே வண்டியிலேயே வாழ்ந்து வந்தவர்கள். இன்னும் பெரிய வண்டி ஒன்றை வாங்கி, பாட்டியையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு அந்த ஆகஸ்ட்டில் கிளம்பினார்கள். டகோட்டா சமவெளி உட்பட 32 மாநிலங்கள், 20 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 2016 செப்டம்பர் 30-ல் அந்தப் பயணத்தின் போக்கிலேயே பாட்டி காலமானார்.

எல்லோருக்கும் இது நிலாச்சோறு இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் வேனுக்குள் குடியேறி, வயதான காலத்தில் கிடங்கு வேலைக்கும் சர்க்கரை பீட் அறுவடைக்கும் அலைகிற அமெரிக்கர்களும் உண்டு. 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' அவர்களைப் பற்றியதுதான்.

இங்கே எங்கே இடிக்கிறது?

நேராக அம்மாவின் கேள்விக்கு வருவோம். கேரவனுக்குள் பாத்ரூம் இருக்கும். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் கேசட் டாய்லெட்: சீட்டுக்கு அடியில் கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு தொட்டி. சுமார் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். நிறைந்த தொட்டியை எங்கே கொட்டுவது? சாத்தூர் பக்கம் ரோட்டோரக் கண்மாயிலா? நம் நெடுஞ்சாலைகளில் அதற்கென்று இடங்கள் கிடையாது. பெட்ரோல் பங்க் கழிவறையில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 62 வயது அப்பா, 20 கிலோ எடை, அதுவும் இந்தச் சரக்கு.

அடுத்தது கரன்ட். இதை ஒருமுறை கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். வண்டிக்குள் 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது 2,400 வாட்-அவர். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது, ஆக 1,200. ஒரு டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும். ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். 30 வாட் ஃபேன் என்றால் 40 மணி நேரம் ஓடும். இரவெல்லாம் ஏ.சி. வேண்டும் என்றால் வெளியிலிருந்து கரன்ட் எடுக்க வேண்டும். கோவில்பட்டியில் வெயில் காய்ந்த சித்திரை இரவில், தகர டப்பாவுக்குள் ஃபேனோடு படுப்பது எப்படி இருக்கும் என்று தென்மாவட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. குளியல், பாத்திரம், டாய்லெட் எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்கு ஒன்றரை நாளைத் தாண்டாது. பிறகு யாரிடமாவது போய், "அண்ணாச்சி, ஒரு குழாய்த் தண்ணி..." என்று கேட்க வேண்டும். கரிசல் பூமியில் தண்ணீர் கேட்பது அவ்வளவு லேசான விஷயம் இல்லை.

அரசுகள் முயலாமல் இல்லை. கேரளா 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. 2022-ல் வாகமணில் முதல் கேரவன் பார்க் திறக்கப்பட்டது. 2023-ல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பார்க் என்பது ஒரு இடம். பயணம் என்பது பல இடங்கள். வழிநெடுக நிறுத்தம் இல்லாத வரை, கேரவன் என்பது ஒரு ரிசார்ட்டிலிருந்து இன்னொரு ரிசார்ட்டுக்குப் போகும் விலை உயர்ந்த வேன்தான்.

சரி, பணக் கணக்கு?

ஒரு பேச்சுக்கு, வண்டிக்கு 20 லட்சம் ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே 20 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? 2023 ஏப்ரலிலிருந்து அதற்கு வட்டி 8.2 சதவீதம் (காலாண்டுக்கு ஒருமுறை அரசு பரிசீலிக்கும், ஆனால் நீங்கள் போடும் அன்று இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கும் நிலைக்கும்). ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம்.

20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். வருடத்துக்கு 1,64,000. வருமான வரி வரம்புக்குள் வந்தால் அதற்கு வரி உண்டு, மறக்க வேண்டாம்.

இப்போது, வருடத்துக்கு எத்தனை நாள் அப்பா அம்மா ரோட்டில் இருக்கப் போகிறார்கள்? கோவில் கொடை, உறவில் கல்யாணம், பேரன் பேத்தி லீவு, மழைக்காலம், கோடைக்காலம் எல்லாம் போக 30 நாள் என்றாலே பெரிய விஷயம். 1,64,000-ஐ 30 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 5,400 ரூபாய்க்கு மேல் வருகிறது. கரிசல் ஊர்களில் நல்ல லாட்ஜ் ரூம், மூன்று வேளை சாப்பாடு, டிரைவரோடு வாடகைக் கார் எல்லாவற்றையும் இதற்குள் அடக்கிவிடலாம். அசல் 20 லட்சம் அப்படியே இருக்கும். கேரவனோ மீதி 335 நாளும் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்று, வருடாவருடம் இன்ஷூரன்ஸ் கேட்கும். வாங்கிய நாளிலிருந்தே விலையும் இறங்கும். அந்தச் சந்தில் அதைத் திருப்பி நிறுத்த முடிந்தால்!

இதைச் சொல்லும்போது கொச்சி விஜயன்-மோகனா தம்பதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1963-ல் தொடங்கிய ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற டீக்கடைதான் அவர்கள் சொத்து. தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். போய்விட்டு வந்து, டீ ஆற்றி அடைப்பார்கள். பிறகு அடுத்த நாடு. 2007-ல் தொடங்கி 25-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதமே விஜயன் 76 வயதில் காலமானார். அவர்கள் ரிட்டயர் ஆகவும் இல்லை, வண்டி வாங்கவும் இல்லை. பயணத்துக்குத்தான் பணம் சேர்த்தார்கள்.

அப்பா ஓட்டலாமா?

லைசென்ஸை முதலில் எடுத்துப் பாருங்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் கிடைக்கும். டாக்டரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். எடை வரம்பு பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் விட்டாலும் கண் விட வேண்டுமே. கேடராக்ட் ஆரம்பித்திருந்தால் எதிர்வண்டி ஹெட்லைட் சிதறித் தெரியும். அப்பா இதை வீட்டில் சொல்ல மாட்டார். அதனால் கிளம்புவதற்கு முன் கண் பரிசோதனை, பிறகு ஒரே ஒரு கறார் விதி: இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. காலை 6-லிருந்து 10 வரை, மாலை 4-லிருந்து 6 வரை. மதியம் ஃபேனுக்கு அடியில் படுக்க ஒரு ரூம்.

"ஏங்க, வண்டிய ஓரமா நிப்பாட்டுங்க" என்று அம்மா சொல்லத் தயங்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் அப்படிச் செய்வது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்சுலின் போடுகிறவர் என்றால் குளிர் பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். கார் டேஷ்போர்டில் வைத்த இன்சுலின் வீணாகிவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. ஆம்புலன்ஸுக்கு 108. விபத்து என்றால், தமிழ்நாட்டுக்குள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும்தான். இந்தத் தகவலை அப்பா போனில் அல்ல, ஒரு பேப்பரில் எழுதி காரில் ஒட்டிவிடுங்கள்.

பென்ஷன்தாரர்களுக்கு நவம்பர் என்றால் ஆயுள் சான்றிதழ் ஞாபகம் வரும். மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர்கள் அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. போன் கேமராவில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் கொடுத்துவிடலாம், எந்த ஊரில் இருந்தாலும். பி.எஃப். பென்ஷன் என்றால் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும்.

நம்ம ப்ரெய்ரி எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவிலில் மேற்கே பார்த்தால் மலை. பெரும்பாலும் டூர் என்றால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் போவார்கள்: புளியங்குடி, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை. கிழக்கே திரும்பினால் கரிசல். தட்டையாக, மரம் குறைவாக, வானம் பெரிதாக, தொடுவானம் வரை கறுப்பு மண்ணும் காற்றாலைகளும். ரீல்ஸில் பார்த்த அந்த இடத்துக்கு நம்மிடம் இருக்கும் நெருங்கிய சொந்தம் இதுதான்.

இரண்டு மண்ணும் கறுப்பு என்பதும் சும்மா சொல்வதல்ல. ப்ரெய்ரி மண்ணை ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கிய புல்வேர் கறுப்பாக்கியது. நம் கரிசலின் குணம் அதன் களிமண்ணில் இருக்கிறது. மழை பெய்தால் உப்பி, செருப்பை விடாமல் பிடிக்கும். வெயில் அடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மண் ரோட்டில் காரை இறக்காதீர்கள். தை, மாசிதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த உளுந்து, பாசி, சோளம், பருத்தி, மிளகாய் எல்லாம் அறுவடைக்கு வந்து, களத்தில் மிளகாய்ப் பழம் காயும். வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

பெரிய வித்தியாசம் தூரம்தான். இங்கே 20 கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஒரு ஓட்டல், ஒரு மருந்துக் கடை. படுக்கையையும் அடுப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இங்கே இல்லை. வீட்டு ஆல்ட்டோவே போதும்.

முதல் நிறுத்தம் கழுகுமலை, சுமார் 20 கிலோமீட்டர். காலை 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வெயிலுக்கு முன் ஏறலாம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது. ஏனோ முடிக்காமலே விட்டுவிட்டார்கள். முடியாத அந்தப் பகுதியைப் பார்க்கும்போதுதான் எப்படிச் செதுக்கினார்கள் என்பதே புரிகிறது. அதே மலையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள். முட்டி வலி இருப்பவருக்கு முழுதும் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. அடிவாரத்தில் குடைவரை முருகன் கோவில் இருக்கிறது. இந்த முருகனுக்குக் காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர் என்பது நம்மூர்க்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து கோவில்பட்டி இன்னொரு 20 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு இரவுக்கு இதையே முகாமாக வைத்துக்கொள்ளலாம். ரூம் கிடைக்கும், டாக்டர் கிடைப்பார், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாயும் கிடைக்கும் (சர்க்கரைக்காரர்கள் ஒரு துண்டோடு நிறுத்தவும்). ஊரில் கி.ராஜநாராயணனுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் இருக்கிறது. அவருடைய சொந்த ஊர் இடைசெவல், தெற்கே கயத்தாறு போகும் வழியில். எழுத்தாளர் கு.அழகிரிசாமியும் அதே ஊர்தான். சாகித்ய அகாடமி விருது பெற்ற இரண்டு பேரைக் கொடுத்த கிராமம், ஹைவேயில் நூறில் பறக்கிறவர் கண்ணில் படாது.

மறுநாள் எட்டயபுரம், கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். பாரதி பிறந்த வீடும், கல்கி நிதி திரட்டி 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் எல்லோருக்கும் தெரியும். சீறாப்புராணம் எழுதிய உமறுப் புலவரின் நினைவிடமும், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் இதே சின்ன ஊரில்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலைப் பொழுதில் மூன்றையும் பார்த்துவிடலாம். அவசரப்படாமல், இரண்டு காலையாகக்கூடப் பார்க்கலாம். ரிட்டயர் ஆனவர்களுக்கு லீவு முடியப் போவதில்லையே.

தெம்பு இருந்தால் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய கோட்டை இருந்த ஊரில் 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை நிற்கிறது. அங்கே தொடங்கிய கதை முடிந்த இடம் கயத்தாறு: 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். திரையில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். அப்பாவை அங்கே இறக்கிவிட்டால் முழு வசனமும் வரும். பக்கத்தில் நிற்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

திரும்பும் வழியில் கடம்பூரில் போளி வாங்கிக்கொள்ளலாம்.

மொத்தம் நாலைந்து நாள், நிதானமாகப் போனாலும் 300 கிலோமீட்டருக்குள்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் 20 லிட்டர் பெட்ரோல். உங்களுக்கும் ஆசை இருந்தால், சென்னையில் வெள்ளிக்கிழமை இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். சனிக்கிழமை காலை சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஸ்டியரிங்கை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். முன் சீட்டை மட்டும் அம்மாவுக்கு விட்டுவிடுங்கள்.